புற்றுநோய் ஸ்டெம் செல்லின் நுண்சூழல்: ஆய்வுக்கு எந்த மாதிரியைத் தேர்வது?

புற்றுக்கட்டிக்குள் எல்லாச் செல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறு பகுதி ஒன்று மட்டும் (புற்றுநோய் ஸ்டெம் செல்கள்) தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, முழுக் கட்டியையும் மறுபடி எழுப்பும் திறனோடு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசுச் செல்), ரத்தக்குழாய், மேக்ரோஃபேஜ் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்), கொலாஜன் வலை, ஆக்சிஜன் பஞ்சம் எல்லாம் நுண்சூழலாகச் சேர்ந்து அந்தப் பகுதியைப் பேணுகின்றன. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. "இதை என் ஆய்வகத்தில் எந்த மாதிரியில் காட்டுவது?" என்று கேட்கும்போதுதான் மாணவர்கள் பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். செல் உருண்டையா, ஃபைப்ரோபிளாஸ்டோடு கூட்டு வளர்ப்பா, ஆர்கனாய்டா (கூழில் வளரும் குட்டி உறுப்பு), சிப்பா (நுண் கால்வாய்களில் செல் வளர்க்கும் சில்லு), எலியா?

பலரும் கையில் இருக்கும் வசதியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் எடுக்கும் மாதிரியில் ஸ்டெம் செல்லுக்கு வேண்டிய சிக்னலை யார் கொடுக்கிறார்கள்? நீங்கள் சேர்த்த ஃபைப்ரோபிளாஸ்டா, இல்லை மீடியம் (செல் வளர்க்கும் திரவம்) புட்டியில் ஏற்கெனவே கலந்திருக்கும் வளர்ச்சிக் காரணியா? இதற்கு விடை தெரியாமல் தொடங்கினால், இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு "எந்த வித்தியாசமும் இல்லை" என்ற முடிவுதான் கையில் இருக்கும். நுண்சூழலுக்கு வேலையில்லை என்று அதற்குப் பொருளில்லை. அதன் வேலையை மீடியமே செய்துவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

சிக்னலின் மூலம். மேலே சொன்னது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக எடை கொடுங்கள்.

எதை அளக்கிறீர்கள். ஃபைப்ரோபிளாஸ்டைச் சேர்த்ததும் ஸ்டெம் செல்லின் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 6 ஆனது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம். ஸ்டெம் செல்கள் அதிகமாகத் தம்மைப் புதுப்பித்திருக்கலாம். மற்ற செல்கள் பின்னோக்கித் திரும்பி ஸ்டெம் தன்மையை எட்டியிருக்கலாம். அல்லது மற்ற செல்கள் செத்து விகிதம் மட்டும் ஏறியிருக்கலாம். இரண்டாவது வெறும் கற்பனை அல்ல. 2010இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்மூலன், மெடெமா குழு பெருங்குடல் புற்றில் காட்டியது அதைத்தான்: மயோஃபைப்ரோபிளாஸ்ட் (சுருங்கும் தன்மை பெற்ற ஃபைப்ரோபிளாஸ்ட்) சுரக்கும் ஹெச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, முதிர்ந்த புற்றுச் செல்லில்கூட ஸ்டெம் தன்மையைக் காக்கும் விண்ட் சிக்னலை உயர்த்தி ஸ்டெம் தன்மையைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி பாதி விடைதான் தரும். பிரிக்க வேண்டுமானால், ஸ்டெம் அல்லாத செல்களை மட்டும் முன்கூட்டியே பிரித்தெடுத்து அவற்றிலிருந்து தொடங்க வழி இருக்க வேண்டும்.

தொடர்பின் வகை. கரைந்த காரணி மட்டும் போதுமா, செல்லும் செல்லும் தொட வேண்டுமா? அண்டைச் செல்களுக்கு இடையே நடக்கும் நாட்ச் சிக்னலுக்குத் தொடுதல் கட்டாயம். கரைந்து பரவும் இன்டர்லூக்கின்-6க்கு வேண்டாம்.

காலம், செல் எண்ணிக்கை, அனுமதி. நோயாளியின் திசு என்றால் நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். எலி என்றால் பதிவு பெற்ற விலங்கு இல்லமும் விலங்கு நெறிக்குழு ஒப்புதலும். விண்ணப்பத்தை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் சும்மா காத்திருக்க நேர்கிறது.

| மாதிரி | சிக்னல் தருவது | ஒரு சுற்றுக்கு நேரம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| செல் உருண்டை | மீடியம் (இஜிஎஃப், எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகள்) | 7–10 நாள் | ஒட்டித் திரளும் செல்கள், தவறான எண்ணிக்கை | முதல் வடிகட்டல், மருந்து ஒப்பீடு |
| ஃபைப்ரோபிளாஸ்ட் கூட்டு வளர்ப்பு | நீங்கள் சேர்த்த செல் | 1–2 வாரம் | முதன்மைச் செல்லின் குறுகிய ஆயுள், பிரித்தெடுக்கும் வேலை | எந்தக் காரணி என்று கண்டுபிடிக்க |
| ஆர்கனாய்டு | மீடியம் + மேட்ரிஜெல் (செல்லைத் தாங்கும் கூழ்) | 2–6 வாரம் | காரணிகளின் விலை, மேட்ரிஜெல் தொகுதி வேறுபாடு | நோயாளிக்கு நோயாளி வேறுபாடு |
| சிப் | சேர்த்த செல் + ஓட்டம் | 1–2 வாரம் | குமிழி, மருந்தை உறிஞ்சும் சுவர், குறைந்த செல் | ரத்தக்குழாய் ஓரச் சூழல் |
| மனிதச் செல் ஏற்றிய எலி | எலியின் திசு | 3–6 மாதம் | இன வேறுபாடு, விலங்கு இல்லம் | கட்டி தொடங்கும் திறன் |
| எலிக் கட்டி, அதே இன எலி | எலியின் முழு உடல் | 3–6 வாரம் | மனித மார்க்கர் செல்லாது | நோயெதிர்ப்புச் செல், பரவல் |

## செல் உருண்டை

மூளையின் நரம்பு ஸ்டெம் செல்லுக்காக 1992இல் ரெனால்ட்ஸும் வைஸும் கொண்டுவந்த முறை 2003இல் மார்பகச் செல்லுக்கும் வந்தது. சீரம் இல்லாத டிஎம்இஎம்-எஃப்12, பி27, இஜிஎஃப் 20 நானோகிராம்/மி.லி., அடிப்படை எஃப்ஜிஎஃப் 20 நானோகிராம்/மி.லி., ஹெபாரின் 4 மைக்ரோகிராம்/மி.லி., ஒட்டாத தட்டு. இவ்வளவுதான். ஒட்டாத தட்டு வாங்க முடியாவிட்டால் பாலி-ஹெமாவை 95% எத்தனாலில் 12 மி.கி./மி.லி. கரைத்துப் பூசி உலர்த்திக்கொள்ளலாம்.

இந்த மலிவே இதன் ஆபத்தும். ஒரு மில்லிலிட்டரில் 20,000 செல் போட்டால் மறுநாளே செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். அந்த உருண்டை ஒரு செல்லிலிருந்து வளர்ந்தது அல்ல. மி.லி.க்கு 500 முதல் 1,000 செல்லுக்கு மேல் போகாதீர்கள். 40 மைக்ரான் சல்லடையில் வடித்து ஒற்றைச் செல்லாக்குங்கள். தட்டை ஒரு வாரம் அசைக்காதீர்கள். இன்குபேட்டர் கதவை அடிக்கடி திறந்து மூடும் அதிர்வே உருண்டைகளை ஒன்றாக்கிவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால் 1% மெத்தில் செல்லுலோஸ் கலந்து மீடியத்தைக் கெட்டியாக்குங்கள்.

எண்ணிக்கைக்குச் சிறந்த வழி வரம்பு நீர்த்தல். ஒரு 96 குழித் தட்டில் குழிக்கு 1, 5, 20, 100 செல் என்று நான்கு அளவு, அளவுக்கு 24 குழி. மொத்தம் 3,024 செல் போதும். உருண்டை வராத குழிகளின் விகிதம் எந்த அளவில் 37 சதவீதமாகிறதோ, அந்த அளவில் சராசரியாகக் குழிக்கு ஒரு ஸ்டெம் செல் இருக்கிறது. எல்டா என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் பிழை எல்லையோடு போட்டுத் தரும்.

நுண்சூழல் கேள்விக்கு இந்த மாதிரி ஏன் தனியே போதாது? இஜிஎஃப்பும் எஃப்ஜிஎஃப்பும் நிறைந்த மீடியத்தில் ஃபைப்ரோபிளாஸ்டின் உதவி தேவையே இல்லை. பி27க்குள் இன்சுலின், புரோஜெஸ்டிரோன், கார்ட்டிகோஸ்டிரோன்கூட இருக்கின்றன. பிளவுபடாமல் உறங்கும் ஸ்டெம் செல் உருண்டையே தராது என்பதால் அது கணக்கிலும் வராது. சுற்றுச்சூழலின் பங்கைப் பார்க்க வேண்டுமானால் வளர்ச்சிக் காரணிகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தோ முழுதும் நீக்கியோ ஒரு அடிநிலை வையுங்கள். அந்த அடிநிலையில் உருண்டைகள் குறைந்தால்தான், ஃபைப்ரோபிளாஸ்ட் எவ்வளவு மீட்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

செல் வரிசையையும் யோசித்து எடுங்கள். எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்று வரிசையில் பெரும்பான்மைச் செல்கள் சிடி44 கூடுதல், சிடி24 குறைவு என்ற தோற்றத்திலேயே இருக்கும்; இந்த இரண்டு பரப்புப் புரதங்களையும் வைத்துத்தான் மார்பகப் புற்றின் ஸ்டெம் செல்லை அடையாளம் காண்கிறார்கள். எல்லோரும் ஏற்கெனவே "ஸ்டெம்" என்றால், ஃபைப்ரோபிளாஸ்ட் அதை எங்கே உயர்த்துவது? அந்த வரிசையில் ஆல்டிஹெச் என்சைம் செயல்பாட்டை அளப்பதே பொருத்தம். டிஇஏபி தடுப்பான் சேர்த்த கன்ட்ரோல் இல்லாமல் அந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

## ஃபைப்ரோபிளாஸ்ட் கூட்டு வளர்ப்பு

எந்தக் காரணி, எந்த ஏற்பி, தடுத்தால் என்ன ஆகும் என்பதே உங்கள் கேள்வி என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். சிக்னல் தரும் செல்லும் வாங்கும் செல்லும் உங்கள் கையில் தனித்தனியாக இருக்கும் மாதிரி இது. 2005இல் ஒரிமோ, வைன்பெர்க் குழு மார்பகப் புற்றின் ஃபைப்ரோபிளாஸ்ட் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12, புற்றுச் செல்லின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி வழியாக வளர்ச்சியைத் தூண்டுவதைக் காட்டியதும் கட்டியிலிருந்து பிரித்த ஃபைப்ரோபிளாஸ்டை வைத்துத்தான்.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பழகிய மீடியம். ஃபைப்ரோபிளாஸ்டை இரண்டு முறை பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 48 மணி நேரம் வைத்து, 0.22 மைக்ரானில் வடித்து, புது மீடியத்தோடு சரிபாதி கலந்து கொடுப்பது. கழுவாமல் விட்டால் எஞ்சிய சீரத்தில் உருண்டைகள் தட்டில் ஒட்டி முதிர ஆரம்பிக்கும். செல் இல்லாத தட்டில் அதே 48 மணி நேரம் வைத்த மீடியம் ஒரு கன்ட்ரோல்; அதே நோயாளியின் கட்டியல்லாத பகுதியிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டின் மீடியம் இன்னொன்று. இரண்டாவது இல்லாமல் "புற்று சார்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட்" என்று எழுத உரிமையில்லை. பொதுவாக எந்த ஃபைப்ரோபிளாஸ்டும் ஏதாவது வளர்ச்சிக் காரணி சுரக்கும். இந்த வழியின் குறை, பேச்சு ஒருபக்கமாகவே இருப்பது. புற்றுச் செல் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத்தான் ஃபைப்ரோபிளாஸ்ட் பல காரணிகளைச் சுரக்கிறது. அந்தப் பதில் இங்கே இல்லை.

இரண்டாவது, டிரான்ஸ்வெல்: இரு செல்களுக்கும் நடுவே துளைச் சவ்வு வைத்த குழி. 0.4 மைக்ரான் துளையில் காரணிகள் இருபுறமும் போய்வரும், செல்கள் தாண்டாது. 8 மைக்ரான் துளையை எடுத்துவிட்டால் செல்களே கீழே இறங்கிவிடும்; இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, நேரடிக் கலப்பு. புற்றுச் செல்லுக்கு ஒரு பச்சை ஒளிர்புரதம் பொருத்தி, ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு மூன்று விகிதம் வரை ஃபைப்ரோபிளாஸ்ட் கலந்து, ஐந்தாறு நாள் கழித்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பிரிப்பது. உண்மைக்கு மிக அருகில் இருப்பதும், கைவேலை கூடுவதும் இதில்தான். பிரிக்கும்போது ட்ரிப்சின் பரப்புப் புரதங்களை வெட்டிவிடும் என்பதால் அதைவிட மென்மையான அக்யூட்டேஸ் பயன்படுத்துங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்டிலும் சிடி44 நிறைய இருக்கிறது. ஒளிர்புரதத்தையோ எப்கேமையோ (எபிதீலியச் செல்லின் பரப்புப் புரதம்) வைத்து முதலில் அதை ஒதுக்காமல் சிடி44ஐப் பார்த்தால், ஃபைப்ரோபிளாஸ்ட்டையே ஸ்டெம் செல் என்று எண்ணிவிடுவீர்கள். "கூட்டு வளர்ப்பில் ஸ்டெம் செல் பத்து மடங்கு" என்ற அளவில் ஒரு முடிவு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

மறைந்த செலவு ஃபைப்ரோபிளாஸ்ட்டிடமே இருக்கிறது. நோயாளியின் திசுவிலிருந்து வளர்த்த முதன்மைச் செல் சில பாசேஜ்களிலேயே (தட்டு மாற்றி வளர்க்கும் சுற்று) மூப்படையத் தொடங்கும். மூத்த ஃபைப்ரோபிளாஸ்ட் இன்டர்லூக்கின்-6ஐ ஏராளமாகச் சுரக்கும். அதைப் புற்றின் தன்மை என்று தவறாக வாசிக்க நேரும். இரண்டாவது பாசேஜிலேயே நிறைய வயல்களை உறைய வைத்து, எல்லாப் பரிசோதனையையும் ஒரே பாசேஜில் செய்யுங்கள். இதைவிட நுட்பமான சிக்கல் பிளாஸ்டிக் தட்டு. எலியின் இயல்பான மார்பகத் திசுவின் விறைப்பு சுமார் 0.2 கிலோபாஸ்கல், கட்டியின் விறைப்பு சுமார் 4. பிளாஸ்டிக் தட்டோ அதைவிடப் பல லட்சம் மடங்கு விறைப்பு. அந்த விறைப்பே ஃபைப்ரோபிளாஸ்டை உசுப்பி, உசுப்பப்பட்டதன் அடையாளப் புரதமான ஆல்ஃபா எஸ்எம்ஏவை உயர்த்தும். இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்டும் தட்டில் இரண்டு வாரம் இருந்தால் பாதி "புற்று சார்ந்தது" ஆகிவிடும். மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லோ, மி.லி.க்கு 2 மி.கி. அளவில் கொலாஜன்-1 ஜெல்லோ பயன்படுத்தினால் இது தணியும்.

## ஆர்கனாய்டு

2009இல் சாட்டோ, கிளெவர்ஸ் குழு எல்ஜிஆர்5 என்ற மார்க்கர் கொண்ட ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து குடல் அமைப்பையே வளர்த்துக் காட்டிய முறை இது. பனிக்கட்டியில் வைத்த மேட்ரிஜெல்லோடு செல்களைக் கலந்து, 24 குழித் தட்டில் குழிக்கு 40–50 மைக்ரோலிட்டர் குமிழாக இட்டு, 37 டிகிரியில் இறுகவிட்டு, மேலே மீடியம் ஊற்றுவது. மேட்ரிஜெல்லை இரவு முழுதும் 4 டிகிரியில் உருகவிடுங்கள்; 10 டிகிரியைத் தாண்டினாலே இறுகத் தொடங்கும். பிப்பெட் முனைகளையும் குளிரவைக்க மறக்காதீர்கள். பிரித்த முதல் இரண்டு நாள் செல் சாவைக் குறைக்கும் ஒய்-27632ஐ 10 மைக்ரோமோலார் சேர்க்காவிட்டால் ஒற்றைச் செல்கள் பெருமளவு சாகும்.

நோயாளியின் கட்டியை அதன் மரபு மாற்றங்களோடு நீண்டகாலம் வளர்க்க இதற்கு இணை குறைவு. ஆனால் நுண்சூழல் கேள்விக்கு மிக எளிதாக வழிதவற வைப்பதும் இதுதான். ஆர்கனாய்டு மீடியத்தின் பட்டியலைப் பாருங்கள்: விண்ட்3ஏ, ஆர்-ஸ்பாண்டின், நாகின், இஜிஎஃப். ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அண்டைச் செல்களும் உடலுக்குள் செய்யும் வேலையைப் புட்டியில் எழுதிவைத்தது போன்ற பட்டியல் அது. மேட்ரிஜெல்லும் நடுநிலையான கூழ் அல்ல. எலியின் சார்கோமா கட்டியிலிருந்து எடுப்பது. லாமினின், கொலாஜன்-4 நிறைந்தது. டிஜிஎஃப்-பீட்டா போன்ற காரணிகளும் உள்ளே உண்டு. உண்மையான கட்டியின் இடைத்திசுவில் மிகுதியாக இருக்கும் கொலாஜன்-1 இதில் இல்லை. தொகுதிக்குத் தொகுதி மாறவும் செய்யும்.

அதனால் ஆர்கனாய்டை எடுத்தால், காரணிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். எதை நீக்கினால் வளர்ச்சி நிற்கிறதோ அதை ஃபைப்ரோபிளாஸ்ட் ஈடுசெய்கிறதா என்று கேட்பதே பலன்தரும் வடிவம். ஏபிசி மரபணு கெட்ட பெருங்குடல் புற்றின் ஆர்கனாய்டு விண்ட் இல்லாமலே வளரும். அதில் விண்ட் தரும் அண்டைச் செல்லைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

## ரத்தக்குழாய் ஓரமும் ஆக்சிஜன் பஞ்சமும்: சிப்பும் அறையும்

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் ஸ்டெம் செல்கள் ரத்தக்குழாயை ஒட்டியே குடியிருப்பதை 2007இல் கில்பர்ட்சனின் குழு காட்டியது. குழாய்ச் செல்லைச் சேர்த்து எலியில் ஏற்றியபோது கட்டி வேகமாகத் தொடங்கியது. இந்தச் சூழலை ஆய சிப் நல்லது: ஃபைப்ரின் ஜெல்லுக்குள் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்லும் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் குழாய் வலை அமைக்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் ஜெல்லைக் கரைக்காமலிருக்க அப்ரோட்டினின் என்ற என்சைம் தடுப்பான் தேவைப்படலாம். சிப்பின் பிடிஎம்எஸ் (சிலிக்கோன்) சுவர் கொழுப்பில் கரையும் மருந்துகளை உறிஞ்சிக்கொள்வதால், மருந்து செறிவு நீங்கள் எழுதியதைவிடக் குறைவாக இருக்கும். கிடைப்பதும் சில ஆயிரம் செல்தான். நிறையச் செல் கேட்கும் புரதச் சோதனையான வெஸ்டர்ன் பிளாட்டை மறந்துவிட்டு, நுண்ணோக்கிப் படத்தை நம்பித் திட்டமிடுங்கள்.

ஆக்சிஜன் பஞ்சம் மட்டும்தான் கேள்வி என்றால் சிப்பே வேண்டாம். 1% ஆக்சிஜன் அறை போதும். மீடியத்தை முதல் நாளே அறைக்குள் வைத்துச் சமன்படுத்துங்கள். செல்களை வெளியே எடுத்துக் கரைத்தால், ஆக்சிஜன் குறைவுக்கு எதிர்வினை காட்டும் புரதமான ஹிஃப்-1 ஆல்ஃபா சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கரைப்பதை அறைக்குள்ளேயே முடியுங்கள். கோபால்ட் குளோரைடு ஹிஃப்பை நிலைப்படுத்தும், அவ்வளவுதான். ஆக்சிஜன் குறைவின் மற்ற விளைவுகள் அதில் வராது.

## எலி

கட்டியை மறுபடி எழுப்பும் திறன் என்பதே ஸ்டெம் செல்லின் வரையறை என்பதால், கடைசி நீதிமன்றம் எலிதான் என்பார்கள். 2003இல் மிச்சிகனில் கிளார்க்கின் குழு, சிடி44 கூடுதல், சிடி24 குறைவான மார்பகப் புற்றுச் செல் 100 இருந்தாலே நாட்-ஸ்கிட் என்ற நோயெதிர்ப்பு குன்றிய எலியில் கட்டி வரும், மற்ற வகையில் பல்லாயிரம் ஏற்றினாலும் வராது என்று காட்டியது. ஆனால் நீதிமன்றத்தைப் பொறுத்துத் தீர்ப்பும் மாறும். நாட்-ஸ்கிட் எலியில் மனிதப் புற்றுச் செல்களில் 0.1 முதல் 0.0001 சதவீதம்தான் கட்டி தருவதாகக் கருதப்பட்டுவந்தது. 2008இல் மாரிசன் குழு நோயெதிர்ப்பு இன்னும் குறைந்த எலியில் மெலனோமா செல்லை ஒற்றையாக ஏற்றியபோது, நான்கு நோயாளிகளின் செல்களில் சராசரியாக 27 சதவீதம் கட்டி தந்தன. செல்லின் தன்மை என்று நினைத்ததில் பெரும்பங்கு அதை ஏற்றிய மண்ணின் தன்மை. நுண்சூழலை ஆய்பவர் மறக்கக்கூடாத முடிவு இது.

மனிதச் செல்லை எலியில் ஏற்றும்போது இன வேறுபாடுதான் பெரிய பொறி. எலியின் இன்டர்லூக்கின்-6 மனித ஏற்பியைத் தூண்டாது. எலியின் ஹெச்ஜிஎஃப் மனித மெட் ஏற்பியோடு சரியாக இணையாது. சிஎக்ஸ்சிஎல்12 இரண்டு இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அது வேலை செய்யும். உங்கள் காரணி முதல் இரண்டில் ஒன்று என்றால், இந்த எலியில் அதைத் தடுத்துப் பார்ப்பது வீண். மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் கலந்து ஏற்றலாம். ஆனால் சில வாரங்களில் அதன் இடத்தைப் பெரும்பாலும் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் பிடித்துக்கொள்ளும். கட்டி தொடங்குவதைப் பற்றிய கேள்விக்கு அது போதும், மூன்று மாதக் கட்டியைப் பற்றிய கேள்விக்குப் போதாது.

எண்ணிக்கையையும் முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். 10, 100, 1,000, 10,000 செல் என்று நான்கு அளவு, ஃபைப்ரோபிளாஸ்ட்டோடும் இல்லாமலும், குழுவுக்கு 6 எலி: 48 எலி, மூன்று முதல் ஆறு மாதக் கவனிப்பு. எம்சிஎஃப்-7 போன்ற, ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் மார்பகப் புற்றுச் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் வில்லையும் வேண்டும். அதனால் எலிகளுக்குச் சிறுநீர் அடைப்பு வந்து பரிசோதனை பாதியில் நிற்பதுண்டு.

மேக்ரோஃபேஜ், டி செல், பரவல் பற்றிய கேள்விகளுக்கு எலியின் கட்டியையே அதே இன எலியில் ஏற்றுங்கள். பால்ப்-சி எலியின் மார்பகக் கொழுப்புத் திட்டில் 4டி1 என்ற எலி மார்பகப் புற்றுச் செல்லை ஏற்றினால் சில வாரங்களில் நுரையீரலுக்குப் பரவும். அந்தச் செல் 6-தயோகுவானினுக்குச் சாகாது என்பதால், நுரையீரலைக் கரைத்து அந்த மருந்துள்ள மீடியத்தில் வளர்த்தாலே பரவிய செல்களை எண்ணிவிடலாம். நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்டின் பெரியோஸ்டின், பரவி வந்த ஸ்டெம் செல்லை ஏற்றுக்கொள்வதை 2012இல் கண்டறிந்ததும் முழு உடல் கொண்ட எலிக் கட்டியில்தான். மனித மார்க்கரை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். எலியின் மார்பக ஸ்டெம் செல்லில் சிடி24 இருக்கும். "சிடி24 குறைவு" என்று வடித்தால் தேடுவதையே கொட்டிவிடுவீர்கள்.

## எந்தக் கேள்விக்கு எது

ஒன்றரை வருடம், எலி இல்லம் இல்லை, கேள்வி "எந்தக் காரணி" என்றால்: காரணி குறைத்த மீடியத்தில் உருண்டை, 0.4 மைக்ரான் டிரான்ஸ்வெல், அதன்பின் நேரடிக் கலப்பு. இந்த மூன்றும் ஒரே திசையில் பேசினால் நல்ல ஆய்வுக்கட்டுரைக்கு அது போதும்.

மருத்துவமனையோடு உறவு இருக்கிறது, நோயாளிகளுக்குள் வேறுபாடுதான் கேள்வி என்றால் ஆர்கனாய்டு. கூடவே அதே நோயாளியின் ஃபைப்ரோபிளாஸ்ட்டை அன்றே பிரித்து உறைய வையுங்கள். பிறகு அந்தத் திசு கிடைக்காது.

எலிக்கு நிதி இருக்கிறது என்றால், மனிதச் செல் எலியா அதே இன எலியா என்பதை உங்கள் காரணியின் இனப் பொருத்தத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பொருந்தாத காரணிக்கு மனிதச் செல் எலியில் செலவிடும் பணம் திரும்ப வராது.

எதை எடுத்தாலும் முதல் வாரத்தில் எஸ்டிஆர் சோதனையும் (செல் வரிசையின் டிஎன்ஏ அடையாளம்) மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் மறைந்து வாழும் பாக்டீரியா) சோதனையும் செய்துவிடுங்கள். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை பல வருடம் மார்பகப் புற்று என்ற பெயரிலேயே ஆய்வுகளில் இருந்தது. அது உண்மையில் மெலனோமா. ஃபைப்ரோபிளாஸ்ட் தொகுதியில் மைக்கோபிளாஸ்மா புகுந்திருந்தால் அதன் இன்டர்லூக்கின் சுரப்பும் மாறும். அப்போது நீங்கள் அளப்பது கட்டியின் நுண்சூழலை அல்ல, பாக்டீரியாவுக்குச் செல் காட்டும் எதிர்வினையை.